விளையில நிக்குற பழைய மூக்கு பஸ்: மர பாடியை வைக்கவா, பிரிச்சுப் போடவா?

கேள்வி
எழுதியவர்: ஷீட்டுக்காரன் (திருவட்டார் பக்கம்)

வணக்கம். குலசேகரத்துக்கும் திருவட்டாருக்கும் எடையில எனக்க வீடு. சொந்த ரப்பர் விளை (தோட்டம்). நானே வெட்டி நானே ஷீட் அடிக்கேன். வண்டி வேலைன்னா பைக்குல பிளக்கைக் கழட்டித் தொடைக்குற அளவுக்குத்தான் தெரியும். கேக்குறது சின்னப்பிள்ளைத்தனமா இருந்தா பொறுத்துக்கிடுங்க.

விளைக்க தெக்கு மூலையில, பலாமரத்து மூட்டுல, ஒரு பஸ் நிக்கு. மூக்கு நீண்ட பழைய டாடா. எனக்க பெரியப்பா ஒரு எஸ்டேட்டில டிரைவரா இருந்தாவ. ரப்பர் பால்வெட்டுக்குப் போற ஆளுகளை விடியக்காலம் ஏத்திட்டுப் போகவும் மத்தியானம் கொண்டு விடவும் உள்ள வண்டி. எஸ்டேட்டில புது வண்டி வந்தப்பம் இதை ஏலம் விட்டாவ. ஓட்டுனவரே ஏலம் எடுத்தாவ. கொஞ்ச காலம் கல்யாண ஓட்டம், வேளாங்கண்ணி ஓட்டம்னு ஓடிச்சு. பொறவு நிப்பாட்டுனது, நின்னதுதான். பெரியப்பா இப்ப இல்ல. பெரியம்மை அதில கொஞ்ச நாள் கோழி அடைச்சாவ, பொறவு வெறகு, பொறவு ரப்பர் ஷீட். பின்னால மேல ஏறுற ஏணியில நல்லமிளகுக் கொடி படந்து, இப்ப வருசா வருசம் பஸ்ஸில இருந்து மிளகு பறிக்கோம்.

வண்டிக்க நெலமை இப்படி. சட்டம் முழுக்க மரம், மேல அலுமினியத் தகடு. தகடு இரும்பைத் தொடுற எடமெல்லாம் வெள்ளையா மாவு மாதிரி பொரிஞ்சு கெடக்கு. முன்பக்கம் தரைப்பலகை கல்லு மாதிரி இருக்கு. பின்பக்கம் காலு வச்சா எறங்குது. வலது பக்கம் நடுவுல ரெண்டு மூணு தூணு அடியில உளுத்துப் போச்சு. எடது பக்கம் ஒண்ணும் ஆகல்ல. ஏன் ஒரு பக்கம் மட்டும்னு புரியல்ல. சேசிஸ் (அடி இரும்புச் சட்டம்) செவந்து, அங்கங்க அடுக்கடுக்கா இளகி வருது. டயர் பாதி மண்ணுக்குள்ள. இன்ஜின் சுத்தல்ல. ஸ்டீரிங் மட்டும் அதிசயமா திரும்புது. பானெட்டுக்க நெத்தியில மூணு முனை நட்சத்திரம் இருக்கு, அதில ஒரு முனை ஒடிஞ்சு போச்சு.

ஆக்கர் கடைக்காரர் (பழைய இரும்பு எடுக்குறவரு) கிலோ கணக்குல வெலை சொல்லிட்டுப் போயாச்சு. பாடி கட்டுற ஒருத்தர் வந்து பாத்தாரு. "மரத்தையெல்லாம் பிரிச்சு எறிஞ்சிருவோம். இரும்பு டியூப்ல சட்டம் அடிச்சு, தகடு போட்டு, பழைய மாடல் மாதிரியே தருவேன்"னாரு. அந்த "மாதிரியே" எனக்குப் பிடிக்கல்ல. பழசு மாதிரி இருக்குற புதுசு வேணும்னா நான் இதை எதுக்கு வச்சிருக்கணும்?

என்ன செய்யலாம்னு பெரியம்மைகிட்ட கேட்டேன். "ஓடவெல்லாம் வேண்டாம்டே, நனையாம நின்னா போரும்"னாவ. எனக்கு உள்ளுக்குள்ள ஓட்டணும்னுதான் ஆசை. நாலு தெரு சுத்தி வந்தாலும் போரும்.

பாடியை வைக்கலாமா, பிரிக்கலாமா? துருவுக்கு ஷீட் ஒறைய ஊத்துற பார்மிக் ஆசிட் வீட்டுல கேன் கேனா இருக்கு, அதைத் தேய்ச்சா போகுமா? இன்ஜினை எங்க இருந்து தொடங்க? எடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்ன எதைச் செய்யலன்னா வண்டி போயிரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது யாராவது பதில் சொல்லுங்க.


பதில்
எழுதியவர்: பழைய டிப்போ (நாகர்கோவில்)

மக்களே, கடைசிக் கேள்வியைத்தான் நீ முதல்ல கேட்டிருக்கணும். மேல இருந்து வாற தண்ணிய நிறுத்து. இன்ஜின், துரு, பெயின்ட் எல்லாம் அதுக்குப் பொறவு.

வலது பக்கம் மட்டும் உளுத்துப் போச்சுன்னு எழுதியிருக்க. ஏணி வச்சு கூரைக்கு மேல ஏறிப் பாரு. பலா எலை மக்கி ஒரு பக்கம் அடைச்சிருக்கும். வண்டியும் அந்தப் பக்கம் சரிஞ்சு நிக்கும். கூரைத் தண்ணி எறங்க ஓரத்தில தாரை உண்டு. அது அடைஞ்சா தண்ணி தகடுக்கு உள்வழியா தூணுக்க அடிக்குப் போகும். அங்கதான் உளுக்கும்.

தார்ப்பாய் வாங்கி மேல மூடிராத. நம்ம ஊரு வெக்கையில பாய்க்கு அடியில வேர்த்து, மழையில நின்னதை விட வேகமா துரு பிடிக்கும். நாலு காலு நட்டு தகரக் கொட்டகை போடு. பக்கம் தொறந்து கெடக்கட்டும், காத்து ஓடணும். அடியில மண்ணு வேண்டாம், ஜல்லி விரி. கீழ இருந்து வாற ஈரம்தான் சேசிஸைத் தின்னுது. முடிஞ்சா பலாமரத்து மூட்டுல இருந்தே வண்டியைத் தள்ளி நிறுத்து. மரத்தை வெட்டுனு சொல்லல்ல, பெரியம்மை என்னைத்தான் ஏசுவாவ.

நட்சத்திரம் இருந்தா அது டாடா மெர்சிடிஸ்-பென்ஸ். 1954ல பதினஞ்சு வருச ஒப்பந்தம் போட்டாவ, 1969ல முடிஞ்சுது. அதுக்குப் பொறவு வந்த வண்டியில நட்சத்திரம் கெடையாது, டாடாக்க சொந்த முத்திரைதான். ஆனா பானெட்டு மாத்துன வண்டியும் உண்டு, அதனால முகத்தை வச்சு வயசு சொல்லாத. சேசிஸ்ல குத்தின நம்பரைத் தேடு. கம்பி பிரஷ்ஷை அந்த எடத்தில போட்டுத் தேய்ச்சிராத, எழுத்து போயிரும். மண்ணெண்ணெய் தொட்டு துணியால பைய தொடை. இன்ஜினையும் மாத்தியிருக்கலாம். பொறவு ஹெட் கழட்டும்போ போரை (சிலிண்டருக்க உள்விட்டம்) அள. 312 இன்ஜினுக்கு 90 மில்லிமீட்டர். 692ன்னா 92, அந்தப் பேருலயே இருக்கு: ஆறு சிலிண்டர், 92 போர்.

இப்ப இன்ஜின். ஊருல யாராவது ஒருத்தன் டிராக்டரோட வருவான், "கட்டி இழுத்தா சுத்திரும் அண்ணே"ன்னு. விட்டுராத. ஒட்டிக் கெடக்குற பிஸ்டனை இழுத்துச் சுத்துனா ரிங்கு ஒடியும், கனெக்டிங் ராடு வளையும். செல்ஃப் மோட்டாரும் போடாத. முதல்ல ஆயில் சம்ப் நட்டைக் கொஞ்சம் மட்டும் இளக்கு. உள்ள தண்ணி இருந்தா அதுதான் முன்ன வரும், தண்ணி எண்ணெய்க்கு அடியிலல்லா கெடக்கும். டீசல் பீச்சுற நாசில் ஆறையும் கழட்டு. ஒவ்வொரு ஓட்டையிலயும் டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துறது) பாதிக்குப் பாதி கலந்து ஊத்து. ஊறட்டும், தெனமும் கொஞ்சம் சேத்து ஊத்து. வால்வ் கவரைத் தொறந்து ராக்கரெல்லாம் அசையுதான்னு பாரு. பொறவு பிளைவீல் பல்லுல கம்பி கொடுத்து முன்னும் பின்னும் நூல் அளவுக்கு ஆட்டு. அசைஞ்சுதுன்னா அன்னைக்கு அதோட விட்டுரு. ஆசைப்பட்டு ஒரு சுத்து சுத்தப் போனாத்தான் கேடு.

டேங்கில பழைய டீசல் இருந்தா தார் மாதிரி ஆயிருக்கும். டேங்கைக் கழட்டியே ஆகணும். மைக்கோ பம்பை (இன்ஜினுக்கு டீசல் தள்ளுற பம்ப்) நீ தொடாத, பம்ப் கடைக்குக் கொண்டு போ.

இன்னொண்ணு, இதைக் கண்டிப்பா கேளு. டயரில காத்து இருக்கோ இல்லியோ, வால்வைக் கழட்டி முழுசும் எறக்காம ஒரு நட்டையும் தொடாத. இந்த வண்டிக்கு டயரைப் பிடிச்சு வைக்க லாக் ரிங்கு போட்ட டிஸ்க். ரிங்கைத் துரு தின்னிருக்கும். காத்து அடிக்கும்போ தெறிச்சா ஆளைக் கொண்ணுட்டுத்தான் நிக்கும். டிப்போவில இரும்புக் கூண்டுக்குள்ள வச்சுத்தான் காத்து அடிப்போம்.

பாடியைப் பத்தி எனக்க அபிப்பிராயம்: பிரிக்காத. நம்ம பழைய திருவிதாங்கூர் நாட்டில சர்க்கார் பஸ் தொடங்குனது 1938 பெப்ரவரி 20, சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கி வச்சாரு. மறுநாள் முதல் ஓடுன ரூட்டு திருவனந்தபுரம் – கன்னியாகுமரி, நம்ம ரோடுதான். லண்டனில இருந்து வந்த சால்டர்னு ஒரு துரை பொறுப்பு. 60 காமர் சேசிஸ், பெர்கின்ஸ் டீசல் இன்ஜின். சேசிஸ்தான் கப்பலில வந்துது, பாடியெல்லாம் இங்கேயே கட்டுனது. நான் வேலைக்குச் சேரும்போ நம்ம சர்க்கார் பஸ் கழகத்துக்குப் பேரு நேசமணி போக்குவரத்துக் கழகம். அன்னைக்கு எனக்கு வேலை சொல்லித் தந்த மூத்த ஆளுக மரச்சட்டத்தில கை பழகினவிய. உளி சத்தத்தை வச்சே மரம் நல்லதா கெட்டதான்னு சொல்லுவாவ. அந்த வேலை இப்ப எங்கயும் நடக்கல்ல. உனக்க விளையில நிக்குறது அதில ஒண்ணு.


பதில்
எழுதியவர்: நாஞ்சில் 74

பெரியவர் சொல்றது எல்லாம் சரி. ஆனா ஒரு கணக்கும் போடுங்க. கொட்டகை, மரம், தகடு, டயர், பம்ப், கூலி. இதுக்கு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் வேன் வாங்கிரலாம். என்கிட்ட கேட்டா நட்சத்திரத்தைக் கழட்டி வீட்டுச் செவுத்தில மாட்டிட்டு மிச்சத்தை ஆக்கர் கடைக்கு விடுங்க. தப்பா நெனைக்காதீங்க.


பதில்
எழுதியவர்: கடல்காத்து (கொளச்சல்)

அண்ணே, நான் போட்டுக்கு (படகுக்கு) பெயின்ட் அடிக்கிற வேலைக்காரன். பஸ்ஸைப் பத்தித் தெரியாது, துருவைப் பத்தி தெரியும். எங்க பொழைப்பே அதுதான்.

பார்மிக் ஆசிட் வேண்டாம். துருவைக் கரைக்கும், பொய் சொல்லல்ல. ஆனா துரு போன பொறவும் நிக்காது, நல்ல இரும்பையும் தின்னும். சேசிஸ்ல ரெண்டு தகடு சேர்ற எடுக்குக்குள்ள எறங்கினா கழுவி எடுக்க முடியாது, உள்ளேயே இருந்து அரிக்கும். அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது, ஷீட் அடிக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா? அதை ரப்பருக்கு வச்சுக்கங்க. பாஸ்பாரிக் ஆசிட் சேத்த ரஸ்ட் கன்வெர்ட்டர் கடையில கிடைக்கும். அது துருவோட சேந்து இரும்பு பாஸ்பேட்டா மாறி, கறுப்பா ஒரு படலமா நிக்கும். அதுக்கும் முன்ன இளகினதை எல்லாம் சுரண்டி எடுத்திருக்கணும். அடுக்கா பொரிஞ்ச துருவுக்கு மேல எதை அடிச்சாலும் அது காசைக் கடல்ல போடுறது.

சேசிஸ்ல அடுக்கு எங்க இளகுதுன்னு சுத்தியலால தட்டித் தட்டிப் பாருங்க. நல்ல எடம் மணி மாதிரி கேக்கும், கெட்ட எடம் பொத்துனு கேக்கும். அந்த எடத்தில எல்லாம் சாக்குக்கட்டியால வட்டம் போட்டு வையுங்க. படமும் எடுங்க.

பிளாஸ்டிங் (மணலை வேகமா அடிச்சுத் துரு எடுக்குறது) பண்ணலாமான்னு யாராவது கேப்பாங்க. சேசிஸுக்குப் பண்ணலாம். அலுமினியத் தகடுக்கு வேண்டாம், மெலிசுத் தகடு நெளிஞ்சு போயிரும். ஆத்து மணலை வச்சு அடிக்கிறவன் கிட்ட போகாதீங்க, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட்டு (ஒரு கனிம மணல்) வச்சு அடிக்கிற எடமா பாருங்க. வேடிக்கை என்னன்னா, நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல இல்மனைட்டு, சிர்கான், மோனசைட்டோட கார்னெட்டும் சேந்துதான் கெடக்கு. அதுக்காக சாக்கை எடுத்துட்டு கடற்கரைக்குப் போயிராதீங்க அண்ணே, அது குத்தம். மோனசைட்டுல தோரியமும் இருக்கு.

அந்த வெள்ளை மாவு என்னன்னு சொல்லுறேன். அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேரா தொட்டு, நடுவுல உப்புக்காத்து ஈரம் நின்னா, அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். அது பொரிஞ்சதுதான் மாவு. எங்க போட்டுல தினமும் பாக்குறது. திரும்ப மாட்டும்போது ரெண்டு பக்கமும் பிரைமர் அடிச்சு, நடுவுல ரப்பர் பட்டையோ டேப்போ கொடுத்து, அலுமினிய ரிவிட்டே அடிங்க. உங்ககிட்ட ரப்பருக்கா பஞ்சம்?

இங்க ரொம்ப பேர் செய்யுறது, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு அடிச்சிட்டு "பிரைமர் ஆச்சு, பெயின்ட் மழைக்குப் பொறவு"ன்னு விட்டுருவாங்க. ரெட் ஆக்சைடு தனியா தண்ணியைத் தடுக்காது, ஈரத்தை இழுக்கும். அடிச்சா மேல் கோட்டும் உடனே அடிக்கணும். சேசிஸுக்கு நான்னா ஜிங்க் சேந்த எபாக்சி பிரைமர்தான் போடுவேன்.

மரத்துக்கு அண்டி எண்ணெய் கேட்டுப் பாருங்க. மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில கிடைக்கும். கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) தோட்டுல இருந்து எடுக்கிற அந்தக் கறுப்பு எண்ணெயை நாங்க பழைய மர வள்ளத்துக்கு அடிப்போம். பூச்சி வராது. வெறுங்கையால தொட்டா தோலு உரிஞ்சிரும், கையுறை கண்டிப்பா போடுங்க. வெளியில தெரியுற மரத்துக்கு வேண்டாம், கறுத்துப் போகும். உள்ள மறைஞ்சு நிக்கிற தூணு அடிக்கு மட்டும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது மாஸ்க் போடுங்க. அந்தக் காலத்து பெயின்டுல ஈயம் உண்டு. பிரேக் லைனிங்கும் அந்தக் காலத்து கல்நாரா இருக்கும், அந்தத் தூசியை ஊதாதீங்க, நனைச்சுத் தொடையுங்க. முந்திரி, மாங்காய் காயப்போட்ட எடத்துப் பக்கம் இந்த வேலை வேண்டாம்.


பதில்
எழுதியவர்: மூலைமட்டம் (இரணியல்)

மர வேலை என் தொழில். வீட்டு வேலைதான், பஸ் கட்டினதில்லை. ஆனா சட்டம் சட்டம்தான்.

வலது பக்கத் தூணைக் கழட்டுறதுக்கு முன்னால உள்ளே இருந்து கூரைக்கு முட்டு கொடுங்க. ஒரு தூணை எடுத்த உடனே கூரை தொங்கினா, பிறகு கதவும் சேராது, சன்னலும் சேராது. முட்டு கொடுத்த பிறகு மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடிச்சு அளந்து எழுதி வைங்க. ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா சட்டம் நேரா நிக்குது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே அளவைத் திரும்பப் பாருங்க.

மரம் கெட்டுதான்னு கண்ணால சொல்ல முடியாது. கூர்மையான ஸ்குரூ டிரைவரை நாருக்குக் குறுக்கே குத்துங்க. சடக்குன்னு நின்னா நல்லது, புட்டுல குத்தின மாதிரி எறங்கினா கெட்டது. அடியில ஒரு அடி மட்டும் கெட்டிருந்தா முழுத் தூணையும் மாத்தாதீங்க. கெட்டதைச் சாய்வா அறுத்து, அதே சாய்வில புது மரம் பொருத்தி ஒட்டு போடலாம். சாய்வு எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம். கழட்டின ஒவ்வொரு துண்டிலயும் சாக்குக்கட்டியால எழுதி, உளுத்ததைக்கூட எறியாம வைங்க. புதுசுக்கு அதுதான் அச்சு.

எந்த மரம்னு கேப்பீங்க. தேக்கு கெடைச்சா தேக்கு. இல்லைன்னா அயனி போதும், நம்ம பக்கம் வள்ளத்துக்கும் வீட்டுக்கும் காலகாலமா போடுறது. பழைய வீடு இடிக்கிற எடத்துல பழைய அயனிச் சட்டம் கிடைச்சா விடாதீங்க, அது காஞ்சு அடங்கின மரம், இனி திருகாது. ஒண்ணே ஒண்ணு. சொந்த விளையில ரப்பர் மரம் நிக்குதேன்னு அதை அறுத்துப் போடணும்னு தோணும். வேண்டாம். மருந்து ஏத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் சும்மா விடாது. பந்தல் காலுக்கு வேணும்னா போடுங்க.

நாஞ்சில் 74 சொன்ன கணக்குக்கு: வேன் வாங்கலாம். வேனை யாரும் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து கூலி இல்லாம செதுக்கித் தர மாட்டாங்க. இதுக்கு நான் வர்றேன்.


பதில்
எழுதியவர்: டபுள் கிளட்ச் (சென்னை)

ஓட்டணும்னு ஆசைன்னு சொன்னீங்க, அதனால அரசாங்கச் சட்டப் பக்கம் மட்டும் சொல்றேன். 2021 ஜூலையில மத்திய அரசு பழமை வாகனத்துக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், நம்பர் பிளேட்டுல 'வி.ஏ.'ன்னு வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். இதைக் கேட்டுட்டு நிறைய பேர் பஸ்ஸுக்கும் வாங்கலாம்னு நினைக்கிறாங்க. அந்த விதி டூ-வீலருக்கும் எம்1 வகைக்கும் மட்டும்தான். எம்1னா டிரைவர் தவிர எட்டு சீட் வரைக்கும். பஸ் அதுல வராது.

அதனால பழைய ஆர்.சி. புக் இருக்கான்னு முதல்ல தேடுங்க. அது இல்லாம எதுவும் நகராது. இருந்தா நேரா உங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய், வரி பாக்கி எவ்வளவு, பதிவு இன்னும் உயிரோட இருக்கா, எஃப்.சி.க்கு என்ன வேணும்னு எழுத்துல கேளுங்க. உங்களுக்கு மார்த்தாண்டம், டி.என். 75தான் வரும்னு நினைக்கிறேன். பதில் வர்ற வரைக்கும் விளைக்குள்ள மட்டும் ஓட்டுங்க. "நாலு தெரு"ன்னா அது பொது ரோடு, இன்சூரன்ஸ் இல்லாம ஒரு ஆட்டைத் தட்டினாலும் பிரச்சனை உங்களுக்குத்தான்.

இன்னொரு ஆறுதல்: முன்கண்ணாடி ரெண்டு தட்டைத் துண்டு மாடல்தானே? வளைஞ்ச கண்ணாடின்னா தேடி அலையணும். தட்டைன்னா லேமினேட்டட் ஷீட்ல எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவாங்க, கண்ணாடி ஓரத்துக்குப் போடுற பீடிங் ரப்பரும் மீட்டர் கணக்குல கிடைக்கும். வயரிங்கைப் பழுது பார்க்காதீங்க, மொத்தமா புதுசு இழுத்துருங்க. எலி கடிச்ச ஒரு வயர் போதும், அந்த மரச்சட்டம் எரிய.


பதில்
எழுதியவர்: ஷீட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. தனித்தனியா எழுத நேரமில்ல, மழை மறைப்பு கட்டுற வேலை தலைக்கு மேல கெடக்கு, ரப்பர் மரத்துக்குத்தான்.

பழைய டிப்போ அண்ணாச்சி, நீங்க பாக்காமலே சொன்னது அச்சா இருந்துது. நானும் பக்கத்து வீட்டுப் பையன்களும் ஏறிப் பாத்தோம். வலது ஓரம் முழுக்க எலை மக்கி எருவா கெடக்கு. அதில ஒரு சின்ன பலாக்கன்னே முளைச்சு நிக்கு. தாரைக்க ஓட்டையில கம்பி விட்டுக் குத்துனதும் உள்ள நின்ன தண்ணி கறுப்பா குபுகுபுன்னு எறங்கிச்சு. எங்க எறங்கிச்சுன்னா நேரா அந்த உளுத்த தூணுக்குள்ள. அந்தக் கேள்விக்குப் பதில் கெடைச்சாச்சு.

மூலைமட்டம் அண்ணன் போன ஞாயிறு வந்து குத்திப் பாத்தாவ. வலது பக்கம் ரெண்டு தூணுக்குத்தான் ஒட்டு. மூணாவது மேல மட்டும் கறுத்தது, உள்ள நல்ல தேக்கு. தரைப்பலகை பின்பாதி மாத்தணும். பாடி கட்டுறவருகிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. மூலைமட்டம் அண்ணன் ஒரு குறுக்குச் சட்டத்துக்க அடியில பென்சிலால எழுதின அளவைக் காட்டுனாவ, இஞ்சுக் கணக்குல, பக்கத்தில ஒரு கையெழுத்துக் கிறுக்கலும். பாடி கட்டுன ஆசாரி எழுதினதா இருக்கும். அதுக்கு மேல எண்ணெய் அடிக்கக் கூடாதுன்னு முடிவு.

மிளகுக் கொடியில பெரிய பேச்சு ஆயிப்போச்சு. ஏணியைக் கழட்டணும்னா கொடியை வெட்டணும், பெரியம்மை சம்மதிக்கல்ல. கடைசியில பக்கத்தில முள்முருங்கை நட்டு, கொடியில கண்ணு வெட்டிப் பதிச்சு வச்சிருக்கு. அது பிடிச்சு ஏறின பொறவு ஏணியைத் தொடலாம்னு உத்தரவு. அதுவரை பின்பக்கம் வேலை இல்ல.

ஆர்.சி. புக்கு பெரியம்மைக்க டிரங்குப் பெட்டியில நெலத்து ஆதாரத்துக்க (பத்திரம்) கூட இருந்துது. ஓரத்தைப் பூச்சி தின்னிருக்கு, நம்பர் எழுதின பக்கம் நல்லா இருக்கு. சேசிஸ் நம்பரை மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சுப் பாத்தேன், புக்கில உள்ளதும் அதுவும் ஒண்ணுதான். இன்ஜின் நம்பர் ஒத்துப் போகல்ல. அப்பம் அண்ணாச்சி சொன்ன மாதிரி இன்ஜினை மாத்தியிருக்காவ போல. இதனால ஆர்.டி.ஓ. ஆபீசில ஏதாவது கொழப்பம் வருமா டபுள் கிளட்ச்?

கடல்காத்து, வட்டம் போட்டுப் பாத்தேன். பின் பட்டை (ஸ்பிரிங்) மாட்டுற எடம் ரெண்டு பக்கமும் பொத்துனு கேக்கு, மிச்சம் நல்லாத்தான் கேக்கு. படம் தனியா அனுப்புதேன்.

இனி வண்டியைத் தூக்கி டயரை மண்ணுல இருந்து எடுக்கணும், பொறவு ஜல்லி விரிச்சு, மரத்துக்க மறைவுல இருந்து பத்தடி முன்னால இழுக்கணும். கொட்டகைக்குத் தகரம் வந்தாச்சு. வாற ஞாயிறு வைக்கலாமா? ஜாக்கி ரெண்டு பக்கத்து லாரிக்காரர் தாறேன்னு சொல்லியிருக்காரு. முட்டு வைக்க ஹாலோ பிளாக் அடுக்கி ரெடியா வச்சிருக்கேன். வாறவியளுக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் உண்டு. ஆளு கணக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.


பதில்
எழுதியவர்: டபுள் கிளட்ச் (சென்னை)

இன்ஜின் மாத்தினதை அந்தக் காலத்துலயே புக்குல ஏத்தியிருக்கணும். பின்பக்கத்துல சீல் வச்ச குறிப்பு ஏதாவது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மறைக்காம நீங்களே முதல்ல சொல்லிடுங்க. அவங்க கண்டுபிடிச்சா வேற மாதிரி போகும். நான் ஞாயிறு வர முடியாது, பீடிங் ரப்பரோட அளவு அனுப்புங்க.


பதில்
எழுதியவர்: நாஞ்சில் 74

மீன்கறின்னா நானும் வர்றேன். வேலை சொன்னா செய்வேன், கருத்து சொல்ல மாட்டேன்.


பதில்
எழுதியவர்: பழைய டிப்போ (நாகர்கோவில்)

ஞாயிறு காலம்பற வாறேன். இழுக்குறதுக்கு முன்ன நாலு வீலும் சுத்துதான்னு பாக்கணும். பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டியிருந்தா வீல் சுத்தாது, சறுக்கித்தான் வரும், ஆக்சில் கெட்டுரும். அதனால ஒவ்வொண்ணா தூக்கிச் சுத்திப் பாத்திட்டுத்தான் கயிறு கட்டணும்.

ஜாக்கியை பாடியில எங்கயும் வைக்கக் கூடாது, ஆக்சிலுக்க அடியில மட்டும். பின்பக்கம் பட்டை மாட்டுற எடம் பொத்துனு கேக்குன்னு எழுதியிருக்க, அந்தப் பக்கம் யாரும் அடியில நுழையாதீங்க.

ஹாலோ பிளாக்கை எடுத்து மாத்திரு மக்களே. வண்டி பாரம் ஒரு முனையில எறங்கினா அது சொல்லாம கொள்ளாம பொடிஞ்சு போகும். தென்னந்தடியும் வேண்டாம், நசுங்கும். பழைய வீட்டு உத்திரம், இல்லன்னா லாரிக்காரருகிட்ட கனமான மரக்கட்டை இருக்கும், குறுக்கும் நெடுக்குமா அடுக்கணும். அது கெடைக்கலன்னா சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சொல்லு, நான் வண்டியில ஏத்திட்டு வாறேன்.